மலை ஏறும் பிக்கப்: கியர் ஆயில் கேள்வி பதில்

இந்த முறை நீலகிரி வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலைப் பற்றியவை. கடைசியில் மேனுவல் வண்டிக்காரர் ஒருவரும் வருகிறார்.

கேள்வி: 2020 மாடல் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு மூன்று தடவை மேலே வருவேன். கியர் ஆயில் மாற்றியதே இல்லையாம். “லைஃப் டைம் ஆயில், தொட வேண்டாம்” என்கிறார் விற்றவர். ஒரு மெக்கானிக் உடனே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் மாற்றினால் கியர் பாக்ஸே போய்விடும் என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ‘லைஃப் டைம்’ என்பது யாருடைய லைஃப் என்று முதலில் கேட்க வேண்டும். சமவெளியில் மிதமாக ஓடும் வண்டியை மனதில் வைத்துச் சொல்வது அது. உங்கள் வண்டியின் கையேட்டில் ‘கடினப் பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும். பாரம், தொடர் ஏற்றம், டிரெய்லர் எல்லாம் அதில்தான் வரும். நீங்கள் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட அடிவாரம். ஊட்டி வரை வந்தால் சுமார் 50 கி.மீ. தூரத்தில் 1,900 மீட்டர் ஏறுகிறீர்கள். மெதுவாக ஏறும்போது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பகுதி) லாக் ஆவதில்லை. உள்ளே ஆயிலை ஆயிலே தள்ளிக்கொண்டிருக்கும், அந்த நழுவல் முழுக்க வெப்பமாக மாறும். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு இரண்டாவது, மூன்றாவது கியருக்கு இடையே கியர் பெட்டி மாறி மாறித் தடுமாறினால் கிளட்ச் தட்டுகளும் சூடாகும். ஆயிலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் ஓடோமீட்டரில் உள்ள 96,000-ஐ விட, அதில் எத்தனை ஆயிரம் மலையில் ஓடியது என்பதுதான் முக்கியம்.

‘மாற்றினால் போய்விடும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து ஸ்லிப் ஆகும் வண்டியைக் கொண்டுவந்து கடைசி வைத்தியமாக ஆயில் மாற்றுவார்கள். அடுத்த மாதம் பெட்டி நிற்கும். பழி ஆயில் மேல் விழும். தேய்ந்த தட்டைப் புது ஆயில் வளர்த்துத் தராது, அவ்வளவுதான். அதனால் மாற்றுவதற்கு முன் வண்டியைச் சோதியுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக் மிதித்து, பி-யிலிருந்து (பார்க்) டி-க்கு (டிரைவ்) மாற்றுங்கள். இரண்டு விநாடிக்குள் லேசாகக் கடித்துப் பிடிக்க வேண்டும். தாமதித்து ‘டொக்’ என்று பிடித்தால் உள்ளே ஆயில் குறைவு அல்லது சீல் தளர்வு. அடுத்து, ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஆர்.பி.எம். தாவி ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் ஸ்லிப். 50–60 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் மெல்ல முடுக்கும்போது, ரோட்டோரத்துத் தடிப்புக் கோட்டின் மேல் ஓட்டுவது போல ஒரு நடுக்கம் வந்தால் அது கன்வர்ட்டர் லாக் ஆகும் இடத்து நடுக்கம். இது மட்டும் இருந்தால் ஆயில் மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். ஸ்லிப் இருந்தால் சரியாகாது. முதலில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைகளில் வண்டி ஒழுங்காக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரு நிபந்தனை: மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் அழுத்தித் தள்ளும் ஃப்ளஷ் வேண்டாம். வருடக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பி வால்வு பாடிக்குள் (ஆயில் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்ப்பு அதில் உண்டு. பேனைக் (பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டு) கழற்றிச் சல்லடையை மாற்றி, வடித்து நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லை. கோயம்புத்தூர் வரை போகாமல், தெரிந்த மெக்கானிக்கை வைத்து இங்கேயே மாற்ற முடியுமா? எத்தனை லிட்டர் வாங்குவது? டிப் ஸ்டிக்கே காணோம், அளவை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கேத்தி

பதில்: முடியும். ஆனால் எஞ்சின் ஆயில் மாற்றுகிற பழக்கத்தில் செய்தால் கெடும். இங்கே அளவும் வெப்பமும்தான் எல்லாம்.

ஆயிலின் வகையைக் கையேட்டிலிருந்து எடுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பெரும்பாலானவை சிவப்புதான். டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்குக் குறித்திருப்பது டபிள்யூ.எஸ். வகை, பழைய டெக்ஸ்ரான் 3-ஐ விட நீர்த்த ஆயில் அது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் வால்வுகளின் அழுத்தக் கணக்கும் கிளட்ச் பிடிக்கும் நேரமும் மாறிப்போகும். வேறு கம்பெனி வண்டியென்றால் சேஸிஸ் நம்பரைச் சொல்லிப் பார்ட்ஸ் கவுண்டரில் கேளுங்கள். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய டப்பாவை விட்டுவிடுங்கள்.

எத்தனை லிட்டர்? இந்த ரக வண்டிகளின் 6-ஸ்பீடு பெட்டிகளில் மொத்தம் 10 லிட்டர் முன்பின் இருக்கும். ட்ரெயின் போல்ட்டைக் (ஆயில் வடிக்கும் போல்ட்) கழற்றினால் 3 முதல் 4 லிட்டர்தான் வரும். மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். 10-ல் 4 வடிகிறது என்று வைத்தால் ஒரு தடவை மாற்றியதில் 40 சதவீதம் புது ஆயில், இரண்டாவது தடவையில் 64, மூன்றாவதில் 78. ஆக மூன்று தடவைக்கு 12 லிட்டர், கை தவறலுக்கு ஒன்று சேர்த்து 13. மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். நடுவில் சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டுச் செய்தால் புது ஆயில் உள்ளே கலந்து பழையதை இறக்கும். பேனைக் கழற்றுவதும் சல்லடை மாற்றுவதும் முதல் தடவை மட்டும் போதும்.

ஆயிலோடு வாங்க வேண்டியவை: சல்லடை, அதன் ஓ-ரிங், பேன் கேஸ்கெட், ட்ரெயின், லெவல் (அளவு பார்ப்பது), ஃபில் (நிரப்புவது) மூன்று போல்ட்டுக்கும் புது வாசர். ஆயில் ஏற்றும் கை பம்ப் ஒன்றும் வேண்டும்; ஃபில் துளை பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும், புனல் வைத்து ஊற்ற முடியாது.

இனி இடம். நம் மலையில் சமதளம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சமதளம் அல்ல. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு சேஸிஸ் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்கவில்லையென்றால் லெவல் துளை உங்களிடம் பொய் சொல்லும். கான்கிரீட் தரையில் நான்கு ஸ்டாண்டு, அல்லது ஒழுங்கான குழி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

ஃபில் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வராவிட்டால், ஆயிலை வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். போல்ட்டைச் சுற்றியுள்ள செம்மண்ணைப் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுத் திறக்க வேண்டும். பிறகு ட்ரெயினைத் திறந்து, வடிவதைக் கோடு போட்ட வாளியில் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுதான் முதலில் திரும்பப் போக வேண்டும். சில பெட்டிகளில் ட்ரெயினும் லெவலும் ஒரே துளை. உள்ளே ஒரு குட்டிக் குழாய் நிற்கும். போல்ட்டைக் கழற்றியதும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் ‘ஆயிலே இல்லை’ என்று பயப்பட வேண்டாம். அந்தக் குழாயை ஆலன் கீயால் கழற்றினால் மீதி இறங்கும்.

பேனின் போல்ட்டுகளை ஒரு மூலையில் தொடங்கித் தளர்த்தி, அந்தப் பக்கம் சாய்த்து இறக்குங்கள். உள்ளே அரை லிட்டருக்கு மேல் இன்னும் நிற்கும். பேனில் காந்தங்கள் ஒட்டியிருக்கும், எந்த இடத்தில் எது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் மேல் விரலால் தடவினால் வழுக்கும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சிலும்பு, பித்தளை நிறத் துணுக்கு, கரி போன்ற கறுப்புத் துகள்: இவற்றில் எது இருந்தாலும் உள்ளே வேலை காத்திருக்கிறது. போட்டோவோடு பெட்டி பிரிக்கும் ஆளிடம் போங்கள்.

சல்லடையைக் கழற்றும்போது அதன் ஓ-ரிங் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும். பழைய ரிங்கின் மேல் புதியதைத் திணித்தால் சல்லடை சரியாக உட்காராது. பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். மாற்றிய மறுநாளே ஊளைச் சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

பேனைத் துடைக்க நம் ஒர்க்‌ஷாப்புகளில் பனியன் வேஸ்ட்டைத்தான் எடுப்பார்கள். எஞ்சினுக்குச் சரி, இங்கே வேண்டாம். ஒரு நூலிழை போதும், வால்வு சிக்க. பிரேக் கிளீனர் அடித்து, நூல் உதிராத துணியால் துடையுங்கள். கேஸ்கெட் ரப்பர் என்றால் மேலே சிலிகான் பேஸ்ட் பூசக் கூடாது. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து, பிய்ந்து, சல்லடையில் போய் அடைக்கும். பேஸ்ட் மட்டுமே போட வேண்டிய பேன்களும் உண்டு. கழற்றும்போது என்ன இருந்ததோ அதுதான்.

பேன் போல்ட்டுகள் சிறியவை, பெட்டியோ அலுமினியம். பல மாடல்களில் அவற்றின் இறுக்கம் 5 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். பெரிய ராட்செட்டை எடுத்தாலே மரை போய்விடும். கையால் எல்லாவற்றையும் உட்கார வைத்து, குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

வடிந்த அளவை நிரப்பியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, மீண்டும் பி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கன்வர்ட்டரிலிருந்து திரும்பி இறங்கும் ஆயிலும் சேர்ந்து வெளியே கொட்டும். நீங்கள் ‘அதிகம்’ என்று நினைத்துப் போல்ட்டைப் போட்டுவிடுவீர்கள், உள்ளே ஒரு லிட்டர் குறைந்து நிற்கும்.

ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பல பெட்டிகளுக்கு லெவல் பார்க்கும் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும். உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். அந்த வெப்பத்தில் லெவல் போல்ட்டைத் திறந்தால் ஆயில் நூலாக வந்து, சொட்டாகக் குறைய வேண்டும். சொட்டும் நேரத்தில் மூடிவிடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் சொட்டும் வரை பம்ப் செய்யுங்கள். 10 லிட்டர் ஆயில் 40 டிகிரி சூடேறினால் சுமார் 300 மி.லி. விரியும். ஊட்டி டிசம்பர் காலையில், 10 டிகிரி ஆயிலை வைத்து லெவல் பார்த்தால் கூடுதலாக நிற்கும். மலை ஏறி வந்த சூட்டோடு 80 டிகிரியில் பார்த்தால் குறைந்து நிற்கும். இரண்டில் குறைவுதான் மலைக்கு ஆபத்து.

முதல் 100 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், கம்ப்யூட்டர் புது ஆயிலுக்கு ஏற்பக் கியர் மாற்றும் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். மறுநாள் காலை வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

கேள்வி: போன மாதம் சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆட்டோமேட்டிக் ஆயில் மாற்றினேன். அதற்குப் பிறகு பர்லியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி ஏறும்போது மட்டும் ஒரு கணம் இழுவை விட்டுப்போய், பிறகு ‘டக்’ என்று பிடிக்கிறது. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை.
– வாசகர், குன்னூர்

பதில்: நீங்கள் சொல்வதே நோயைச் சொல்கிறது: ஆயில் குறைவு. வளைவில் வண்டி சாய்ந்து, மூக்கு மேலே தூக்கும்போது பேனில் உள்ள ஆயில் ஒரு மூலைக்கு ஓடுகிறது, சல்லடையின் வாய் காற்றில் நிற்கிறது, அழுத்தம் விழுகிறது. சூடான வண்டியில், அதுவும் சமவெளி வெயிலில், லெவல் பார்த்திருப்பார்கள். ‘டக்’ என்று பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் தட்டு ஒரு அடுக்கு எரிகிறது. வண்டியை ஆற விட்டு, மேலே சொன்ன முறையில் லெவல் பாருங்கள். அதுவரை பாரம் ஏற்ற வேண்டாம். சரிசெய்த பிறகும் தொடர்ந்தால் சல்லடையின் ஓ-ரிங்.

ஏற்றத்தில் டி-யிலேயே விட்டுவிடாமல் மேனுவல் மோடில் இரண்டாவது கியரைப் பிடித்து ஏறுங்கள். பெட்டி தடுமாறுவது நிற்கும். இறக்கத்திலும் அதே கியர். நியூட்ரலில் போட்டு இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் ஆட்டோமேட்டிக்கில் இரட்டை நஷ்டம் அடைவார்கள்: சக்கரம் வேகமாகச் சுற்றும், பம்ப்போ ஐடிலிங் வேகத்தில்தான் ஆயில் தரும். பிரேக் சூடாவது தனி.

கேள்வி: ஆயிலை வடித்தபோது ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போல வந்தது. மாற்றி ஊற்றினால் போதுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: போதாது. வண்டியை ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். ஆட்டோமேட்டிக் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் பல வண்டிகளில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள் போகும்; நிறுத்தியதும் ரேடியேட்டரின் அழுத்தத்தில் கூலன்ட் ஆயிலுக்குள் வரும். ரிசர்வ் தொட்டியில் பழுப்பு நிறக் கொழகொழப்பு மிதக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள், கிளட்ச் லைனிங்கை இரும்புத் தட்டோடு ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். புது ரேடியேட்டர் (அல்லது வெளியே தனிக் கூலர்), ஆயில் குழாய்களைக் கழுவுதல், பிங்க் நிறம் மறையும் வரை திரும்பத் திரும்ப வடித்து நிரப்புதல். இது சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு. அதே ஆயிலில் பல நாள் ஓடியிருந்தால் பெட்டியைப் பிரித்துத் தட்டு மாற்றத் தயாராகுங்கள்.

ரேடியேட்டரில் பைப் தண்ணீர் ஊற்றும் பழக்கமே இந்தத் துருவுக்குப் பெரும்பாலும் காரணம். உறைபனி விழும் ஊரில் அதைத் தவிர்க்க வேறு காரணமும் சொல்லத் தேவையில்லை. ஊற்ற வேண்டியது: கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி.

கேள்வி: வழியில் ஆட்டோமேட்டிக் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கலாமா?
– வாசகர், அருவங்காடு

பதில்: கூடாது. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டி உள்ளே ஆயில் இல்லாமல் அரையும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டும் ரெக்கவரி வண்டியிலும் இதே கதைதான். நான்கு சக்கரமும் ஏறும் தட்டு லாரியைக் கேளுங்கள். கிடைக்காத இடத்தில், பின் சக்கரங்களுக்குப் போகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டிவிட்டு முன்பக்கம் தூக்கி இழுக்கலாம். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் வர வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆட்டோமேட்டிக்கில் நடக்காது.

கேள்வி: என்னுடையது மேனுவல் கியர் பிக்கப். கடைக்காரர் 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை) ஜி.எல்-5 (தரம்) என்ற ஒரே டின்னைக் கொடுத்து, கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் இதுவே போதும் என்கிறார். காலையில் இரண்டாவது கியர் விழவே மறுக்கிறது.
– வாசகர், மஞ்சூர்

பதில்: பின் ஆக்சிலுக்கு ஜி.எல்-5 சரி, கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி அழுந்தும் இடம், அங்கே அந்தக் கடுமையான சேர்மானம் தேவை. கியர் பாக்ஸில் பித்தளை சின்க்ரோ வளையங்கள் உண்டு. ஜி.எல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கலாம். அதோடு அதிக வழுக்கலால் வளையம் கோனைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தாது. கையேட்டில் ஜி.எல்-4 என்றிருந்தால் ஜி.எல்-4தான். குளிர்ந்த காலையில் மட்டும் கியர் முரண்டு பிடித்தால், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் 75டபிள்யூ-90 இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் அது அவ்வளவு கெட்டிப்படாது. சூடான பிறகும் கரகரத்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது.

அளவு எளிது: சமதளத்தில், ஃபில் துளையின் கீழ் விளிம்பை ஆயில் தொட வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேலே சிறிய பிரீதர் (காற்று வெளியேறும் துளை) ஒன்று இருக்கும், சில வண்டிகளில் அதற்கு ஹோஸும் உண்டு. செம்மண் அப்பி அது அடைத்தால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் ஆக்சில் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் போய்ச் சேரும் இடம் பின் பிரேக் ஷூ. கல்லட்டி மலைப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டிக்கு அது நல்ல செய்தி அல்ல. வாட்டர் சர்வீஸ் விட்டால் அன்றே பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். வடித்த ஆக்சில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மாற்றி, 500 கி.மீ. கழித்து மறுபடி வடித்துப் பாருங்கள்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலை வேலிக் கம்பங்களுக்குப் பூசினால் கரையான் வராது என்கிறார்களே?
– வாசகர், கட்டபெட்டு

பதில்: கரையானோடு சேர்ந்து தேயிலைத் தோட்டத்து மண்ணும் கெடும். முதல் மழையில் கம்பத்திலிருந்து இறங்குவது ஓடைக்குத்தான் போகும். இங்குள்ள ஓடைகள் பவானிக்கோ மாயாறுக்கோ சேர்கின்றன. பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. புது ஆயில் வந்த கேன்களிலேயே ஊற்றி மூடி, மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிலோ பெட்ரோல் பங்க்கிலோ கொடுங்கள். கூலன்ட் கலந்த பிங்க் ஆயிலை மட்டும் தனிக் கேனில் வையுங்கள். மற்றதோடு கலந்தால் எடுக்கும் ஆள் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.